என்ன முறை வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து கோவில் வாயிலில் நின்றுகொண்டிருந்தோம். நம் பங்கைச் சேர்ந்த இளம் தாய் ஒருவர் தம் மகளின் பள்ளிக் குறிப்பேட்டை நம்மிடம் நீட்டினார். சிறுமி மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். 'என் குடும்பம்' என்னும் தலைப்பின்கீழ் ஒரு மரமும், அதன் கிளைகள்தோறும் கட்டங்களும் இருந்தன. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்ற கட்டங்களில் பெயர்கள் முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தன. அவற்றின் இருபுறமும் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி என ஆறு கட்டங்கள். அவற்றில் எழுத ஒரு பெயரும் இல்லை. வெறுமையாக விட்டால் பக்கம் அழகாக இராது என்று எண்ணினாள் போலும். கட்டத்துக்கு ஒன்றாக ஆறு பூக்களை வரைந்து வண்ணமும் தீட்டியிருந்தாள்.

அந்தத் தாயும் அவர் கணவரும் தத்தம் பெற்றோருக்கு ஒற்றைப் பிள்ளைகள். "இந்த ஆறு பேரும் எங்கே போனார்கள் என்று கேட்கிறாள் ஐயா, என்ன சொல்வது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மோடு வீடுவரை நடந்து வந்தது. அதன்பின் பல நாள் திண்ணையிலும் அமர்ந்திருந்தது.

அவர்கள் எங்கும் போகவில்லை, பிறக்கவில்லை. அவ்வளவுதான் விடை. எட்டு வயதுச் சிறுமிக்கு இதை எப்படிச் சொல்வது?

வாசகர்களே, ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெற்றோருக்கு இரண்டு பிள்ளைகள் என்றால், அவர்களுக்கு அண்ணனோ தம்பியோ அக்காளோ தங்கையோ ஏதேனும் ஓர் உறவு கிட்டும், நான்கும் கிட்டா. ஒரே பிள்ளை என்றால் நான்கில் ஒன்றும் இல்லை. அந்த ஒற்றைப் பிள்ளை வளர்ந்து இன்னோர் ஒற்றைப் பிள்ளையை மணந்தால், அவர்கள் பெறும் குழந்தைக்குத் தமிழில் உள்ள உறவுப் பெயர்களில் பாதிக்குமேல் அகராதிச் சொற்களாகிவிடும். இரண்டு தலைமுறை போதும்.

பிறமொழியாளர் சிலருக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஆங்கிலேயர் தந்தையின் அண்ணனையும் தம்பியையும், தாயின் உடன்பிறந்தானையும், சிற்றன்னையின் கணவரையும் ஒரே சொல்லால் அழைத்து நிம்மதியாக வாழ்கின்றனர். நமக்கோ ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் உண்டு. தந்தையுடன் பிறந்த ஆண்கள் தந்தையர். அவர் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பியர். தாயுடன் பிறந்த ஆணோ மாமன். அவர் பிள்ளைகள் மைத்துனரும் மைத்துனியரும் ஆவர். இந்த வேறுபாட்டின் ஒழுங்கை ஆராய்வதற்கென்றே லூயி துய்மோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1949ஆம் ஆண்டையொட்டி மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் தங்கியிருந்தார். அவர் எழுதியவற்றை உலகத்து மானிடவியலார் இன்றும் படிக்கின்றனர். நம் பாட்டிமார் அவற்றைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் முன்பின் அறியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால், ஊரையும் தகப்பன் பெயரையும் கேட்டு, விரல்விட்டு எண்ணி, அவர் நமக்கு என்ன முறை வேண்டும் என்று காப்பி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தப் பெயர்கள் வெறும் விளிகளாக இருந்ததில்லை. ஒவ்வொரு பெயரும் ஒரு வேலை. பாகப்பிரிவினையில் சகோதரர் முறைத்துக்கொண்டால் பெரியப்பா வரவேண்டும். காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்திருப்பவர் தாய்மாமன். பெண் பெரியவளானால் சீர் கொண்டுவருபவரும் அவரே. தந்தையும் மகனும் பேசாமல் இருந்தால் நடுவே நடந்து தூது சொல்பவரும் அவரே. தாயிடம் சொல்ல இயலாததைப் பெண்பிள்ளைகள் சித்தியிடம் சொன்னார்கள். அத்தைக்கு உரிமையும் உண்டு, கோபமும் உண்டு. அவருக்குச் சேலை எடுக்க மறந்த திருமணம் பத்து ஆண்டுகள் பேசப்படும். இவற்றில் தொல்லை இல்லாமல் இல்லை. சீர் என்ற பெயரால் கடனாளியான தாய்மாமன்மாரை நாம் அறிவோம். சித்தப்பாமார் அண்ணன் பிள்ளைகளின் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு.

இந்த மாற்றம் திடீரென்று வந்ததன்று. 1971ஆம் ஆண்டில் தமிழகத்துப் பெண் ஒருவர் தம் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி ஏறத்தாழ 3.9. 1990களின் தொடக்கத்தில் அது 2.1 அளவுக்கு இறங்கிற்று. ஒரு தலைமுறை தன் இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளத் தேவையான அளவு அது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் அது 1.4. நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதற்கு விலக்கு என்று எவரேனும் எண்ணினால் ஞாயிறு காலையில் கோவில் இருக்கைகளைப் பார்த்தால் போதும். 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கை முறைக் கருத்தடைக்கு எதிராகச் சுற்றுமடல் விடுத்தார். அது பங்குதோறும் விளக்கவும் பட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கிறிஸ்தவப் பெண்களின் சராசரி 1.88, நாட்டின் பொதுச் சராசரியான 2.0ஐவிடச் சற்றுக் குறைவு. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறோம்.

ஏன் குறைந்தது? சிவப்பு முக்கோணம் சுவர்தோறும் வரையப்பட்டதாலும், 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று வானொலி ஓதியதாலும் மட்டுமா? நெருக்கடி நிலைக் காலத்தில் 1976–77 என்ற ஓராண்டில் நாடெங்கும் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அந்தக் கொடுமையில் பெரும்பகுதி வடமாநிலங்களில் நிகழ்ந்தது. நாடு அதற்கு 1977 தேர்தலில் பதில் சொல்லிற்று. தமிழகத்தில் குறைந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. 1971இல் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவை முதலாண்டு நிறைவைக் காணவில்லை. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி வந்தபின்னர்தான் தாய்மார் இரண்டோடு நிறுத்தத் துணிந்தார்கள். பெண்கள் பள்ளிக்குப் போனார்கள். 1982இல் சத்துணவு விரிந்தது. தட்டை ஏந்திய பிள்ளைகளில் பெண்பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். படித்த பெண் தாமதமாக மணந்தாள். தன் உடலைப்பற்றித் தானே ஒரு சொல் சொன்னாள்.

இதில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 'இரண்டு போதும்' என்ற சொல், பல வீடுகளில் 'இரண்டில் ஒன்றேனும் ஆணாக வேண்டும்' என்றாயிற்று. 1992இல் சேலத்தில் அரசு தொட்டில் வைத்தது எதற்காக என்பதை அக்காலத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். பெண் சிசுவைக் கொல்லாமல் அத்தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அரசு தாய்மாரிடம் மன்றாட வேண்டியிருந்தது. சிறுமியின் ஏட்டிலிருந்த வெற்றுக் கட்டங்களை எண்ணும்போது, அத்தையாகவும் சித்தியாகவும் வளர்ந்திருக்க வேண்டிய அந்தப் பெண்களும் நம் நினைவுக்கு வருகின்றனர்.

2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சரும் தமிழக முதலமைச்சரும் சில நாள் இடைவெளியில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசினார்கள். முன்னவர் முதுமை பெருகுவதை எண்ணி, அதிகம் பெறுங்கள் என்றார். பின்னவர் திருமண மேடை ஒன்றில், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையுமானால் பதினாறு பெற்றால் என்ன என்று மக்கள் எண்ணும் நிலை வந்திருக்கிறது என்ற பொருளில் பேசினார். (பதினாறும் பெறுக என்ற பழைய வாழ்த்து பதினாறு பேறுகளைக் குறித்தது, பிள்ளைகளை அன்று. இது இருக்கட்டும்.) அந்த ஆண்டிலேயே ஆந்திரச் சட்டமன்றம், இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்ற நெடுநாள் விதியை நீக்கிற்று. தொகுதிகளைப் பற்றிய கவலை பொருளற்றதன்று. 1976இல் அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம், 1971ஆம் ஆண்டின் மக்கள்தொகையையே அடிப்படையாகக் கொண்டு மாநிலங்களுக்குரிய தொகுதிகளின் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. 2001இன் 84ஆம் திருத்தம் அந்தத் தடையை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. சொன்னபடி குடும்பத்தைச் சுருக்கிய மாநிலம் அதற்காகக் குரலை இழக்க வேண்டுமா என்று கேட்பது நியாயமே. அதை மன்றத்தில் வாதாடித் தீர்க்கட்டும். ஒரு பெண்ணின் வயிற்றை வாக்குப் பெட்டியாக்க வேண்டாம். அன்று 'நிறுத்து' என்று சுவரில் எழுதினார்கள். இன்று 'பெறு' என்று மேடையில் சொல்கிறார்கள். எழுதியவரும் சொல்பவரும் பேற்றுவலி அறியாதவர்கள்.

இவ்விடத்தில் நம் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நம் தாயார் எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். ஐவர் பிழைத்தோம். மூவருள் இருவர் கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம், சிலுவையும் பெயரும் இன்றிப் புதைக்கப்பட்டார்கள். மூன்றாவது குழந்தை நான்கு வயதில் காய்ச்சல் கண்டு போயிற்று. கல்லறைத் திருநாளன்று தாயார் அந்த வேலியோரம் மூன்று மெழுகுதிரி ஏற்றுவார். எந்த இடம் எந்தக் குழந்தைக்கு என்று அவருக்கும் தெரியாது. முப்பத்தெட்டு வயதில் அவர் கூந்தல் முழுதும் நரைத்திருந்ததை நாம் சிறுவனாகப் பார்த்திருக்கிறோம். பெரிய குடும்பத்தின் கலகலப்பைப் பற்றி இப்போது பலர் உருக்கமாக எழுதுகிறார்கள். நமக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் அந்தக் கலகலப்புக்கு விலை கொடுத்தவர் யார் என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை.

நம் வீட்டில் விலை கொடுத்தவர் தாயார் மட்டும் அல்லர். மூத்தவர் அக்காள். நமக்கு ஒன்பது வயது மூத்தவர். தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஊர்ப்பிள்ளைகள் பலருக்குக் கைபிடித்து அரிச்சுவடி எழுதக் கற்பித்தவர். 1951ஆம் ஆண்டில் அவர் தம் மூத்த மகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார். காரணம் வேறொன்றும் இல்லை. ஒரு வயது நிறைந்த நாம் இடுப்பைவிட்டு இறங்க மறுத்தோம். தாயாரோ அடுத்த பிள்ளைக்குக் கருவுற்றிருந்தார். வீட்டில் ஒரு கை தேவைப்பட்டது. அக்காள் அந்தக் கையாக இருந்தார். நமக்குச் சோறூட்டியவர், பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துச் சென்று வாசலில் விட்டுத் திரும்பியவர் அவரே. தாம் விட்டுவந்த பள்ளியின் வாசலுக்கு அவர் நாள்தோறும் இருமுறை நடந்தார் என்பதை, நாம் கல்லூரி முடித்து வேலைக்குச் சென்று பல்லாண்டுகள் கழித்தே எண்ணிப் பார்த்தோம். அதுவரை அது நமக்குத் தோன்றவே இல்லை.

ஒருமுறை அவரிடமே கேட்டோம், "அக்கா, உங்களுக்கு வருத்தம் இல்லையா?" என்று. "அப்போ எல்லா வீட்டிலும் அப்படித்தானே தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆறாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தேன்" என்றும் சொன்னார்.

அக்காளுக்கு ஒரே மகன். அதற்குமேல் வேண்டாம் என்று அவரே சொன்னாராம். ஏன் என்று கேட்கும் அருகதை நமக்கு இல்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், எண்பத்து நான்காம் வயதில், அக்காள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மகன் கடல் கடந்த நாட்டில் இருக்கிறார். குறை சொல்ல இடமில்லாத பிள்ளை. செய்தி கேட்டவுடன் பணம் அனுப்பினார். ஐந்தாம் நாள் நேரிலும் வந்தார். பத்து நாள் இருந்தார். விடுப்பு முடிந்து கண்ணீரோடு திரும்பினார். இன்றும் இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் முகம் காட்டாமல் உறங்குவதில்லை. வேறு என்ன செய்வார்? ஒற்றைப் பிள்ளையின் தோளில் தாயையும் தந்தையையும், மனைவியின் தாயையும் தந்தையையும் ஏற்றி வைத்துவிட்டு, அந்தத் தோள் தாங்கவில்லை என்று குறைகூறுவது நியாயமன்று. சீனத்தில் 1980 முதல் 2015 வரை ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை என்று சட்டமிட்டு வைத்தார்கள். இப்போது மூன்று வரை பெறலாம் என்று சொல்லியும் பிறப்புகள் பெருகவில்லை. தென்கொரியாவில் அந்தச் சராசரி 2023இல் 0.72 வரை இறங்கிற்று. நாடுகள் பெரும்பொருள் செலவிட்டும் மீட்க இயலாததை மேடைப் பேச்சு மீட்டுவிடும் என்று நமக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனைக்குத் திரும்புவோம். அக்காளைப் பெரியம்மா என்றும் அத்தை என்றும் அழைக்கும் உரிமை பெற்றவர்கள் பதினொருவர். பெரிய குடும்பத்தின் எச்சம் அல்லவா! முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். தாழ்வாரத்தில் நிற்க இடமில்லை. செவிலியர் கடிந்துகொண்டார். இரண்டாம் நாள் ஐவர். மூன்றாம் நாள் இருவர். நான்காம் நாள் காலை நம்மையும் அக்காளின் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரையும் தவிர எவரும் இல்லை. அவர் நாள்தோறும் அதிகாலையில் இட்லி அவித்து விற்பவர். நம் சமயத்தவரும் அல்லர், நம் உறவினரும் அல்லர். நம்மையும் கணக்கில் சேர்த்துச் சொல்லிவிட்டோமே ஒழிய, உண்மையில் அன்று பத்து மணிக்கு நமக்கு ஒரு கூட்டம் இருந்தது. முதியோர் நலன் குறித்த கூட்டம். அதில் நாம் பேசுவதாக இருந்தது. "நீங்க போயிட்டு வாங்க ஐயா, நான் இருக்கேன்" என்றார் அந்தப் பெண். நாம் போனோம். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆயினும் அச்சில் ஏறட்டும்.

மாலை திரும்பியபோது அறையில் ஒரு படிவம் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தது. துணைக்கு இருப்பவர் யார், நோயாளிக்கு என்ன உறவு என்று அதில் எழுத வேண்டும். செவிலியர் அவரைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டார். அவர் தயங்கவில்லை. "மகள் முறை" என்றார். செவிலியரும் அப்படியே எழுதிக்கொண்டார். அன்று பகல் முழுதும் அக்காளின் கழிகலத்தை எடுத்தவரும், புரட்டிப் படுக்கவைத்தவரும் அவரே. அந்தப் படிவத்தில் பொய் ஏதும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

முறை என்ற சொல்லை அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். உறவும் முறை. நீதியும் முறை, அதனால்தான் குறையுள்ளவர் முறையிடுகிறார். ஒருவர்பின் ஒருவராக ஏற்கும் பங்கும் முறை. ஒரே கிணற்றில் நீரிறைக்கும் உழவர் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். மூன்று பொருளும் ஒரு சொல்லில் எப்படிச் சேர்ந்தன என்று மொழியறிஞர் சொல்லட்டும். நமக்குத் தெரிந்தது இது: முன்பு முதற்பொருள் இருந்தால் மற்ற இரண்டும் தாமே வந்து சேரும் என்று நம்பியிருந்தோம். உறவு இருந்தால் நியாயமும் பங்கும் பின்னால் வரும். பல வீடுகளில் வந்தன. பல வீடுகளில் ஒரு பெண்ணின் தலையில் மட்டும் வந்து விழுந்தன. இன்று உறவு மெலிந்துவிட்டது. மிஞ்சியிருப்பவை நியாயமும் பங்கும்.

சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பேணாத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர வழி செய்தது. பிள்ளையற்ற முதியவருக்கு உறவினர் யார் என்றும் அது வரையறுக்கிறது: அவர் சொத்தை வைத்திருப்பவர் அல்லது அடைய இருக்கும் சட்டப்படியான வாரிசு. சட்டத்துக்கு வேறு வழியில்லை. அது அளக்கக்கூடியதைத்தான் அளக்கும். கழிகலம் எடுத்த மகள் முறைக்காரர் அந்த வரையறையில் எங்கும் இல்லை.

நம் திருச்சபையிலும் இரத்த உறவைக் கேளாத ஓர் உறவு உண்டு என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. திருமுழுக்கின்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஞானத்தந்தையும் ஞானத்தாயும் நிற்கிறார்கள். அந்தச் சிறுமிக்கும் இருவர் நின்றிருப்பார்கள். அந்த ஏட்டின் மரத்தில் அவர்களுக்குக் கட்டம் இல்லை. பள்ளிப் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் சிறுமியின் தாயிடம் கேட்டபோது, "அவர்கள் என் கணவரின் அலுவலக நண்பர்கள் ஐயா, ஒரு சங்கிலி போட்டார்கள், படம் எடுத்துக்கொண்டோம், பிறகு மாற்றலாகிப் போய்விட்டார்கள்" என்றார். நமக்கும் ஞானப்பிள்ளைகள் நால்வர் உண்டு. அவர்களுள் ஒருவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

அக்காள் வீடு திரும்பி மாதங்கள் சில ஆகிவிட்டன. ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடக்கிறார். மகன் திரும்பிச் செல்லுமுன், இரவுத் துணைக்கு ஓர் அம்மையாரை ஊதியத்துக்கு அமர்த்தியிருக்கிறார். பகலுக்கு ஒரு பட்டியல் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். காலை ஏழு மணிக்கு இட்லியும் நலவிசாரிப்பும் பக்கத்து வீட்டார் பொறுப்பு. அதற்குக் காசு கொடுக்க முயன்றதற்கு நாம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். புதன்கிழமைகளில் பதினொருவருள் ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி மகன், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வருகிறார். மற்றப் பத்துப் பேரையும் குறைகூறமாட்டோம். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு முதியவரும் ஒரு கடனும் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் அந்த இளம் தாய் வருகிறார். அவருடைய பெற்றோர் அதே ஊரில் இருப்பதால் வாரந்தோறும் வருபவர். இங்கும் ஒரு மணி நேரம் அமர்ந்து, அக்காளுக்கு நகம் வெட்டித் தலை வாரிவிடுகிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கோவில் வாயிலில் நாம் சொன்ன கதையைக் கேட்டவர் தாமே வந்தார்.

சிறுமியும் உடன் வருகிறாள். முதல் நாளே அக்காள் அவளை அருகழைத்து, எந்த ஊர், யார் பேத்தி என்று வழக்கம்போல் விசாரணை தொடங்கினார். விரல்விட்டு எண்ணினார். எந்த வழியாக எண்ணியும் முறை கிட்டவில்லை. பிறகு, "பாட்டிமார் உனக்கு ரெண்டு பேர் இருக்காங்கள்ல? அப்போ என்னைப் பெரியம்மானு கூப்பிடு" என்றார். எண்பத்து நான்கு வயதில் ஒரு பெரியம்மா! சிறுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அப்படியே அழைக்கிறாள். இப்போது அக்காளுக்கு இந்த மாத இதழை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுவதும் அவள்தான். அவள் தவறாக வாசிக்கும் இடங்களை, ஐந்தாம் வகுப்போடு நின்ற அக்காள் திருத்துகிறார்.

குறிப்பேட்டில் ஆசிரியை என்ன மதிப்பெண் இட்டார் என்பதைக் கேட்க மறந்துவிட்டோம். செவ்வாயும் வெள்ளியும் பட்டியலில் நம் பெயர். இதை எழுதி முடிப்பது வியாழன் இரவு. நாளைக் காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் இட்லி சூடாக இருக்கும்போது போய்ச் சேரலாம்.